மெர்வின் லட்ஸ் யாரைப் பார்த்து அழுதார்?

மெர்வின் லட்ஸின் முகம் அமெரிக்கா முழுக்கத் தெரியும். பெயர் தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான்: அவர் மனைவி நாடீன், அப்புறம் வருமான வரிக்காரன். மற்றவர்களுக்கு அவர் எங்கேயோ பார்த்த ஆள். லாஸ் ஏஞ்சலிஸின் வேன் நைஸ் பகுதி சூப்பர் மார்க்கெட்டில் முலாம்பழத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்; யாராவது ஒரு பெண்மணி தள்ளுவண்டியோடு வந்து வழிமறிப்பாள். "சார், உங்களை எனக்கு நல்லாத் தெரியும்" என்பாள். மெர்வின் கழுத்தை லேசாகத் திருப்பி, கேமராவுக்கு எடுப்பான இடது பக்கத்தைக் காட்டுவார். "நீங்கதானே எங்க பல் டாக்டர்?" என்று கேட்டு அவள் வாயைத் திறந்துவிடுவாள். ஒருமுறை அவர் குனிந்து பார்த்து, "கடைவாய்ப் பல்லுதாம்மா. அடுத்த வாரம் வந்துடுங்க" என்று சொல்லி அனுப்பினார். வேஷம் என்று ஒன்று தேடி வந்துவிட்டால் வேண்டாம் என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

நியூயார்க்கில் நாடகம் போட்ட காலத்தில் தான் மேடையில் சிங்கமாக இருந்ததாக மெர்வின் சொல்லிக்கொள்வார். கூட நடித்த நாடீன் அதை மறுத்ததில்லை. "சிங்கம் பாதி நேரம் படுத்துதானே கெடக்கும்?" என்பாள். உண்மையில் அங்கே கைதட்டல் அதிகம் வாங்கியவள் அவள்தான். கல்யாணம் ஆயிற்று. டெலிவிஷனில் கௌபாய் தொடர்கள் மழைக்காளான் மாதிரி முளைத்த நேரத்தில் இருவரும் லாஸ் ஏஞ்சலிஸுக்கு வந்தார்கள். மெர்வினுக்கு வேலை கிடைத்தது. நாடீனுக்கு, மெர்வினின் எதிரே உட்கார்ந்து அவருக்கு வசனம் படித்துக் காட்டுகிற வேலை கிடைத்தது. அதற்குச் சம்பளமும் இல்லை, கைதட்டலும் இல்லை.

ஷெரீப், நீதிபதி, பாங்க் மேனேஜர், ஓட்டலில் சாவி எடுத்துக் கொடுப்பவர், பிணத்தைப் பார்த்து "சுடச்சுட செத்திருக்கான்" என்று சொல்கிற டாக்டர் என்று மெர்வின் போடாத வேஷம் கிடையாது. ஒரே வாரத்தில் ஒரு சேனலில் நீதிபதியாக ஒருவனுக்குத் தூக்குத் தண்டனை கொடுத்துவிட்டு, இன்னொரு சேனலில் தானே தூக்கில் தொங்கினார். இவ்வளவு செய்தும் மக்கள் அவருடைய முகத்தைவிட அதிகமாகப் பார்த்தது அவருடைய பிடரியைத்தான். அதற்குக் காரணம் அந்தத் தொழிலில் இருக்கிற ஒரு வழக்கம்.

இரண்டு பேர் எதிரெதிரே நின்று பேசுகிற காட்சி என்றால், முதலில் கேமரா நட்சத்திரத்தின் முகத்தைப் பார்க்கும். துணை நடிகர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று, தன் முகம் படத்தில் விழாது என்று தெரிந்தும், உயிரைக் கொடுத்துப் பேச வேண்டும். அப்போதுதான் நட்சத்திரத்துக்கு முகத்தில் உணர்ச்சி வரும். பிறகு கேமராவைத் திருப்பி வைப்பார்கள். இப்போது துணை நடிகரின் முறை. ஆனால் நட்சத்திரம் அதற்குள் கேரவனுக்குப் போய்க் காலை நீட்டியிருக்கும். அது நின்ற இடத்தில் ஒரு லைட் ஸ்டாண்டை நிறுத்தி, அதன் கண் உயரத்துக்குச் சிவப்பு டேப் ஒரு துண்டு ஒட்டிவிடுவார்கள். வசனத்தை மிட்ஜ் படிப்பாள். மிட்ஜ் ஷாட்டுக்கு ஷாட் யார் கையில் எந்தக் கோப்பை இருந்தது என்று பார்த்துக்கொள்கிறவள். "அப்பா நான் சாகப் போறேன்" என்பதையும் "பால் ரெண்டு பாக்கெட்" என்பதையும் அவள் ஒரே மாதிரிதான் படிப்பாள், அதுவும் பபிள்கம் மென்றுகொண்டு.

மெர்வின் முதல் சில வருஷம் இதற்காக மனம் குமைந்தார். பிறகு பழகிவிட்டது. பிறகு பிடித்தும் போய்விட்டது. டேப் கண் சிமிட்டாது. டேப் வெங்காயம் தின்றுவிட்டு வராது. நாம் உருக்கமாகப் பேசும்போது அது கைக்கடிகாரத்தைப் பார்க்காது. அந்தச் சிவப்புத் துண்டிடம் அவர் உயிர்ப்பிச்சை கேட்டிருக்கிறார், காதலைச் சொல்லியிருக்கிறார், அதை மன்னித்தும் இருக்கிறார். ஹாலிவுட்டில் ஒரு டேப்பைப் பார்த்து அவரைப் போல உருகக்கூடியவர் யாருமில்லை. இதைப் பெருமை என்று சொல்வதா, கேவலம் என்று சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் பெருமை என்றுதான் நினைத்தார்.

வீட்டில் இது வேறு மாதிரி விளைந்தது. மெர்வின் நாடீனிடம் ஏதாவது முக்கியமாகப் பேச ஆரம்பித்தால் அவர் பார்வை அவள் காதுக்கு ஒரு சாண் தள்ளி, பின்னால் இருக்கிற ஃப்ரிட்ஜின் கைப்பிடியில் போய் நிற்கும். அம்மா இறந்துபோன செய்தியைக்கூட அவர் அந்தக் கைப்பிடியிடம்தான் சொல்லி அழுதார்.

"இத்தன வருஷமா நீ குடும்பம் நடத்துறது ஃப்ரிட்ஜோடதான்யா" என்பாள் நாடீன். "நான் சும்மா அதுக்கு முன்னால உக்காந்திருக்கேன்."

"என்ன நாடீன், உன்னத்தானே பாக்குறேன்" என்பார் மெர்வின், ஃப்ரிட்ஜைப் பார்த்து.

எழுபதுகளின் கடைசியில் அவருக்கு அந்த வேஷம் வந்தது. படத்தின் நாயகன் டிரேக் ஹாலன். மெர்வின் அவனுக்கு அப்பா. கொள்ளையடித்துவிட்டு வந்த மகனை அப்பாவே போலீசில் பிடித்துக் கொடுத்துவிடுகிறார். பிறகு சிறைக்குப் போய் அவன் எதிரில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்கிறார். ஒரு முழுப் பக்க வசனம், கடைசியில் கண்ணீர். அவர் வாழ்க்கையில் ஒரு முழுப் பக்கம் கிடைத்ததே இல்லை. டைரக்டர் ஐரா போஸ்னர் சின்ன வயசுக்காரன், ஆனாலும் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டான்.

"பெரியவரே, நல்லா வந்துச்சுன்னா முழுசும் உங்க குளோசப்லயே விட்டுடுறேன், வெட்ட மாட்டேன். வரலைன்னா டிரேக் மூஞ்சியக் காட்டிக்கிட்டு, உங்க வசனத்த உங்க பிடரிக்குப் பின்னால இருந்து ஓட விட்டுருவேன்."

ஆக, முகமா பிடரியா என்பதுதான் கேள்வி. அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த மெர்வினுக்கு இன்னொரு முழுப் பக்கம் வரப்போவதில்லை. ஒரு மாதம் சமையலறையில் ஒத்திகை நடந்தது. நாடீன் மகனாக உட்கார்ந்து படித்தாள், ஃப்ரிட்ஜ் மன்னித்தது. படப்பிடிப்பன்று காலையில் அவர் கோட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போது நாடீன், "மெர்வின், எனக்கும் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

"அப்புறம் பேசலாம் நாடீன். இப்ப எதையாவது மண்டைக்குள்ள போட்டுடாத, வசனம் வழிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பிப் போனார்.

பர்பாங்க் ஸ்டூடியோ செட்டில் காலையில் டிரேக்கின் குளோசப் முடிந்தது. மெர்வின் கேமராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வழக்கம்போல உயிரைக் கொடுத்தார். கேமராவைத் திருப்பினார்கள். உதவியாளன் லைட் ஸ்டாண்டோடு வந்தான். அப்போது டிரேக் நாற்காலியிலிருந்து எழுந்து கையை உயர்த்தினான்.

"அந்தக் கம்பிய எடுத்துட்டுப் போ" என்றான். "நான் எங்கயும் போகல. மெர்வ் பேசும்போது நான் இங்கதான் இருப்பேன்."

செட்டே அசந்துபோயிற்று. விஷயம் இதுதான். டிரேக் ஹாலன் ஒரு சுயநலக்காரன் என்று ஒரு பத்திரிகை எழுதிவிட்டது. அதில் அவன் மனம் உடைந்து மலைமேல் நடக்கிற ஏதோ ஒரு முகாமுக்குப் போய், முன்பின் தெரியாதவர்களோடு வட்டமாக உட்கார்ந்து ஒரு வாரம் அழுதான். கொடுப்பதில்தான் சுகம் என்று அங்கே அவனுக்கு விளங்கியதாம். திரும்பி வரும்போது, தான் கொடுப்பதைப் படம் பிடிக்க இன்னொரு பத்திரிகைக்காரனையும் கையோடு கூட்டி வந்திருந்தான்.

"எத்தன வருஷமா உங்கள மாதிரி ஆளுங்கள நாங்க அனாதையா விட்டுட்டுப் போயிருக்கோம், மெர்வ்" என்றான் டிரேக். குரல் தழுதழுத்தது. பத்திரிகைக்காரன் படம் எடுத்தான். எல்லோரும் கை தட்டினார்கள். மெர்வின் மட்டும் லைட் ஸ்டாண்டு போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் டேக். "உன்னப் புடிச்சுக் குடுத்தது நான்தான்டா" என்று மெர்வின் ஆரம்பித்தார். எதிரே முட்டை முட்டையாக இரண்டு நீலக் கண்கள் அவரையே பார்த்தன. அவை சிமிட்டின, ஈரமாயின, அவர் சொல்லுக்குச் சொல் தலையும் ஆடியது. இரண்டாவது வரியிலேயே அந்தக் கண்கள் அழுதுவிட்டன. மெர்வினுக்கு மூன்றாவது வரி மறந்துபோயிற்று.

இரண்டாவது டேக்கில் டிரேக் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டான். மூன்றாவதில் அவருக்காகவே மூச்சை இழுத்து இழுத்து விட்டான். நான்காவதில் அவர் வசனத்தை உதட்டளவில் கூடவே சொன்னான். ஒவ்வொரு டேக்கிலும் மெர்வின் வெவ்வேறு இடத்தில் தடுக்கி விழுந்தார். ஒரு டேக்கில் மகனைப் பார்த்து, "கனம் கோர்ட்டார் அவர்களே" என்றுகூடச் சொல்லிவிட்டார்.

"டிரேக், உங்களுக்குக் களைப்பா இருக்கும். போய்ப் படுங்களேன்" என்று கெஞ்சிப் பார்த்தார்.

"உங்களுக்காக விடிய விடிய நிப்பேன் மெர்வ்" என்றான் அவன்.

மெர்வின் மிட்ஜை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "மிட்ஜ், உன்னக் கும்பிடறேன், எப்படியாவது அவனைக் கெளப்பி விடு. என்னையே பாக்குறான். ஒரு மனுஷன் இப்படி முழிச்சுப் பாத்தா எப்படி நடிக்கிறது?"

"நானா? எனக்கு வேலை வேணும் மெர்வின்" என்றாள் மிட்ஜ். பபிள்கத்தை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டாள்.

ஐரா கடிகாரத்தைப் பார்த்தான். "சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரே ஒரு டேக் பெரியவரே. அதுலயும் வரலைன்னா பிடரிதான்."

எல்லோரும் இறைச்சி ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருக்கும்போது மெர்வின் வாசலில் இருந்த காசு போடுகிற ஃபோனிலிருந்து வீட்டுக்குப் பேசினார்.

"நீயே கூப்பிட்டுட்டியா? நல்லதாப் போச்சு" என்றாள் நாடீன். "காலையில சொல்ல வந்தேனே..."

"நாடீன், நான் செத்தேன். அவன் போக மாட்டேங்கிறான். எதிர்லயே உக்காந்து அழறான். என் வாழ்க்கையே போச்சு!"

நாடீன் அதை மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். "ஒரு மனுஷன் எதிர்ல உக்காந்து நீ பேசுறதக் கேக்குறான். அதத் தாங்க முடியல உனக்கு."

"கிண்டல் பண்ணாத. என்ன செய்யட்டும், சொல்லு!"

"என்னத்தச் சொல்றது? ஒரு டேப்ப எடுத்து அவன் நெத்தியில ஒட்டிட்டுப் பேசு, போ!" என்று அவள் எரிந்து விழுந்தாள்.

மெர்வின் 'நெத்தியில' என்று ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு, "நாடீன், நீ தெய்வம்" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டார். அந்தப் பக்கம் அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.

நேராக டிரேக்கிடம் போனார். அன்று அவர் நடித்ததிலேயே சிறந்த நடிப்பு இந்த இடத்தில்தான் நடந்தது, ஆனால் அதை எந்தக் கேமராவும் எடுக்கவில்லை.

"டிரேக், நியூயார்க் மேடையில பெரிய பெரிய ஆளுங்க மட்டும் செய்யிற ஒரு முறை இருக்கு. எல்லாருக்கும் சொல்ல மாட்டாங்க. கொடுக்கிறவரு நெத்தியில ஒரு அடையாளம் வெச்சுக்கணும். அசையக் கூடாது, பேசக் கூடாது, மூச்சு சத்தமும் வரக் கூடாது. வசனத்த வேற யாராவது படிப்பாங்க. அவரு சும்மா இருந்து கொடுத்துக்கிட்டே இருப்பாரு. அது ரொம்பக் கஷ்டம். உங்களால முடியுமான்னு எனக்குத் தெரியல."

டிரேக் ஹாலனைப் பார்த்து முடியுமா என்று கேட்டவர்கள் அதுவரை யாருமில்லை. "ஒட்டுங்க" என்றான்.

உதவியாளன் அமெரிக்காவின் விலை உயர்ந்த நெற்றியில் சிவப்பு டேப் ஒரு துண்டை ஒட்டினான். மிட்ஜ் ஏதோ மறந்துவிட்டதாகச் சொல்லி செட்டுக்குப் பின்னால் ஓடிப்போய், சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து படிக்க உட்கார்ந்தாள். டிரேக் கம்பி மாதிரி விறைத்து உட்கார்ந்தான். மெர்வின் அந்தச் சிவப்புத் துண்டைப் பார்த்தார். ஊருக்குத் திரும்பி வந்தவனுக்கு இருக்குமே, அப்படி இருந்தது அவருக்கு.

"உன்னப் புடிச்சுக் குடுத்தது நான்தான்டா. அன்னிலருந்து உன் ரூம்ல வெளக்க அணைக்கல. கரண்டு வீணாகுதேன்னு உங்கம்மா திட்டுறா. அணைச்சா நீ இல்லங்கிறது தெரிஞ்சிடும்..."

"போயிடுங்கப்பா" என்றாள் மிட்ஜ், பால் பாக்கெட் குரலில்.

மெர்வினின் கண்ணிலிருந்து எந்த இடத்தில் விழ வேண்டுமோ அந்த இடத்தில், எந்தக் கண்ணிலிருந்து விழ வேண்டுமோ அந்தக் கண்ணிலிருந்து, ஒரு சொட்டு விழுந்தது. மைக் பிடித்தவன் மூக்கை உறிஞ்சினான். ஐரா 'கட்' சொல்ல மறந்துபோனான். டிரேக் நெற்றியில் டேப்போடு தேம்பித் தேம்பி அழுதான்.

"பாத்தீங்கல்ல? நான் குடுத்தேன், அவரு வாங்கிக்கிட்டாரு!" என்று பத்திரிகைக்காரனைப் பார்த்துச் சொன்னான்.

டேப்போடு அவன் அழுகிற புகைப்படம் பத்திரிகையில் ஒரு முழுப் பக்கத்துக்கு வந்தது. அப்புறம் என்ன? அந்த இலையுதிர் காலம் முழுக்க பர்பாங்கிலிருந்து கல்வர் சிட்டி வரைக்கும் நட்சத்திரங்கள் நெற்றியில் சிவப்பு டேப்பை ஒட்டிக்கொண்டு கொடுத்த வண்ணம் இருந்தார்கள். ஒட்டிக்கொள்ளாதவன் கருமி என்று பேச்சு வந்தது. லைட் ஸ்டாண்டுகள் மூலையில் சும்மா நின்றன. டிரேக் தான் கண்டுபிடித்த முறையைப் பற்றிக் கல்லூரிகளில் போய்ப் பேசினான்.

படம் வெளியானது. ஐரா வாக்குத் தவறவில்லை. முழுப் பக்கமும் மெர்வின் முகத்திலேயே ஓடியது. சூப்பர் மார்க்கெட்டில் இப்போது பெண்மணிகள் வேறு மாதிரிக் கேட்டார்கள். "நீங்கதானே டிரேக் ஹாலனோட அப்பா? வீட்டுல தம்பி சரியா சாப்பிடுறாரா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாடீன் முட்டையையும் டோஸ்ட்டையும் மேஜையில் வைத்துவிட்டு, பேப்பரைப் பிரித்து விமர்சனத்தை உரக்கப் படித்தாள். வேறு எந்த நடிகருடைய பெயரும் இல்லாத ஒரு பத்தி அது. "'ஒரு மனிதன் இன்னொரு மனிதனின் கண்ணை இவ்வளவு நேராகப் பார்த்துப் பேசி நாம் திரையில் கண்டதில்லை.'" பேப்பரைக் கீழே வைத்தாள்.

"இன்னொரு தடவ படி" என்றார் மெர்வின்.

"அன்னிக்கு ஃபோன்ல நான் ஒண்ணு சொல்ல வந்தேனே. என்னன்னு என்னிக்காவது கேட்டியா?"

"எந்த ஃபோன்?" என்றார், ஃப்ரிட்ஜைப் பார்த்து.

"பாஸடீனாவுல ஒரு சின்ன நாடகக் கம்பெனி. என்னைய நடிக்கக் கூப்பிட்டாங்க. பெரிய வேஷம். அதத்தான் சொல்ல வந்தேன்."

"அட, நல்ல விஷயமாச்சே! எப்பப் போடப் போறீங்க?"

"போட்டாச்சு மெர்வின். ஒண்ணரை மாசம் ஓடி முடிஞ்சும் போச்சு. வெள்ளிக்கெழம, சனிக்கெழம சாயங்காலம் நான் எங்க போறேன்னு நெனச்ச?"

"உன் தங்கச்சி வீட்டுக்குன்னு..."

"அவ ரெண்டாயிரம் மைல் தள்ளி ஒஹையோவுல இருக்கா."

மெர்வினுக்கு முகம் வெளுத்துப்போயிற்று. கெட்டவர் இல்லை அவர். முட்டைத் தட்டைத் தள்ளி வைத்தார். "நாடீன், நான்..." என்று ஃப்ரிட்ஜ் கைப்பிடியிடம் ஆரம்பித்தார்.

நாடீன் எழுந்தாள். அடுப்புக்குப் பக்கத்து இழுப்பறையில், அவர் செட்டிலிருந்து கிளப்பிக்கொண்டு வந்த சிவப்பு டேப் உருளை கிடந்தது. ஒரு துண்டு கிழித்துத் தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"இப்ப சொல்லு."

மெர்வின் அந்தத் துண்டைப் பார்த்தார். வெள்ளம் மாதிரி வந்தது. நியூயார்க்கில் அவள் கைதட்டல் வாங்கிய ராத்திரிகளைச் சொன்னார். தான் அதைப் பார்த்துப் பொறாமைப்பட்டதைச் சொன்னார். உன்னை வசனம் படிக்கிற பொம்மையாக்கி வைத்துவிட்டேன், உன்னுடைய காலத்தையெல்லாம் நானே தின்றுவிட்டேன் என்று சொன்னார். இடைவெளி விட வேண்டிய இடத்தில் இடைவெளி விட்டார். கடைசியில், சரியான இடத்தில், சரியான கண்ணிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

நாடீனுக்கும் கண் கலங்கித்தான் போயிற்று. அவளுக்கு அதுவே ஆத்திரமாக இருந்தது. இத்தனை வருஷம் காத்திருந்து கேட்ட வார்த்தைகள்; அவற்றில் எது அவளுக்கு, எது நெற்றியில் ஒட்டியிருந்ததற்கு என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

"நல்ல டேக்" என்றாள். டேப்பை உரித்தெடுத்து முட்டைத் தட்டின் ஓரத்தில் ஒட்டினாள். "இப்ப இது இல்லாம ஒரு தடவ."

மெர்வின் வாயைத் திறந்தார். எதிரே இருந்தது ஐம்பத்தைந்து வயசு முகம், தூக்கம் கெட்ட இரண்டு கண்கள், நெற்றியில் டேப் உரித்த இடத்தில் சிவப்பாக ஒரு தடம். அவர் பார்வை மெல்ல நழுவி, அவள் காதைத் தாண்டி, வழக்கமான இடத்துக்குப் போயிற்று.

நாடீன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் ஃப்ரிட்ஜின் முன்னால் போட்டு, கைப்பிடியை மறைத்து உட்கார்ந்தாள்.

வேறு பக்கம் பார்க்க அந்தச் சமையலறையில் அவருக்கு இடம் இல்லாமல் போயிற்று. தொண்டையைக் கனைத்தார். ஆரம்பித்து நிறுத்தினார். மறுபடி ஆரம்பித்தார்.

"என்ன... என்ன வேஷம் போட்ட?" என்று கேட்டார்.

மோசமாகத்தான் கேட்டார். குரல் கம்மி, பாதி விழுங்கி, மிட்ஜ் படிப்பதைவிடத் தட்டையாக வந்தது. எந்த டைரக்டராக இருந்தாலும் இன்னொரு டேக் கேட்டிருப்பான். நாடீன் கேட்கவில்லை, என்ன வேஷம் என்று சொல்ல ஆரம்பித்தாள்.